ஒரகடம் ரிவியேரா: விருந்தாளிகளுக்கு ஒரு கையேடு

ரிவியேரா எனப்படும் மத்தியதரைக் கடலோரத்துக்கு விடுமுறை கழிக்கப் போகிற பணக்காரர்களுக்கென்று விதவிதமான கையேடுகள் விற்கின்றன. கான் நகரில் எந்த ஓட்டலின் மாடத்தில் நின்றால் கடல் முழுசாகத் தெரியும், மொனாக்கோவில் படகு கட்ட யாரைப் பிடிக்க வேண்டும், எந்த மாதம் கூட்டம் குறையும் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு அப்படி ஒன்று இல்லாதது அநியாயம். அங்கே போகிறவர்களுக்குக் கொஞ்சமும் குறையாத பெரிய கைகள் இங்கே வந்து போகின்றன. கொரியா, தைவான், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி என்று உலகத்துப் பணமெல்லாம் சுங்குவார்சத்திரம் கூட்டு ரோட்டில்தான் வந்து திரும்புகிறது. வழி சொல்ல ஆளில்லாமல் விடலாமா? வந்தாரை வாழவைக்கும் நாடு அல்லவா இது? இருந்தாரை என்ன செய்யும் என்று அந்த வாசகம் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதிகாலையில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலைப் பார்க்கலாம். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிற முகங்கள் வரிசையாகத் தெரியும்.

இந்தக் கையேடு முதலீட்டாளர் என்கிற மேன்மை தங்கிய விருந்தாளிக்கு மட்டும். உள்ளூர்க்காரர்கள் புரட்ட வேண்டாம். உங்களுக்கு இதில் ஒன்றும் ஒதுக்கவில்லை.

கடல் எங்கே?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கடல் கிழக்கே இருக்கிறது, நடுவில் சென்னை மொத்தமும் கிடக்கிறது. அதனால் என்ன, இது ஏரிகளின் பூமி. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பி வழிந்தால் வாங்கிக்கொள்ளக் கீழே செம்பரம்பாக்கம் இருக்கிறது, பார்வைக்குக் கடல் மாதிரியே. 2015 டிசம்பர் முதல் தேதி அது கடலாகவே மாறிக் காட்டியது. அடையாற்றின் மேற்பக்கத்து ஏரிகள் வழிந்து வரதராஜபுரமும் முடிச்சூரும் முங்கின. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் மக்கள் மொட்டைமாடியிலிருந்து நீர்க்காட்சி பார்த்தார்கள். கார் ஆலைகள்கூடச் சில நாள் மூடிக் கிடந்தன. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. மத்தியதரைக் கடலை எந்த மனிதனும் உண்டாக்கவில்லை. நாம் ஒன்றை ஓர் இரவில் உண்டாக்கினோம். இந்தப் பெருமையை யாரும் விளம்பரத்தில் போடாதது அடக்கம்தான்.

தண்ணீர் பற்றி இன்னொரு செய்தி. சென்னைக்காரர்கள் கழித்துவிடும் நீரைக் கோயம்பேட்டில் மூன்று கட்டமாகச் சுத்தம் செய்து, நாளைக்கு 4.5 கோடி லிட்டர் அனுப்பும் அளவுக்கு ஓர் ஆலையை 2019-ல் இயக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து குழாய் புறப்பட்டு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஒவ்வொரு சிப்காட் தொழிற்பேட்டை வாசலுக்கும் போகிறது. நல்ல திட்டம், கிண்டல் இல்லை. ஏரித் தண்ணீரை இயந்திரம் குடிக்காமல் இருந்தால் மனிதனுக்கு மிஞ்சும். ஆனால் இந்தக் குழாயைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குத் தாகம் எடுத்தால் கோயம்பேட்டிலிருந்து குழாய் போடத் தெரிந்த நாடு இது. தங்குமிடம் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

வந்து சேரும் வழி

மீனம்பாக்கத்தில் இறங்கி, பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே வாருங்கள். நேரம் சொல்ல மாட்டோம், அது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மதுரவாயலிலிருந்து வாலாஜாபேட்டை வரையான இந்தச் சாலையின் கதியைப் பார்த்துவிட்டு, செப்பனிடும் வரை சுங்கச் சாவடியில் பாதிக் கட்டணம் வாங்கினால் போதும் என்றது. சாலை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் காசு. இவ்வளவு நேர்மையான விலைப்பட்டியல் ஐரோப்பாவில் கிடைக்காது.

மொனாக்கோவில் கார்ப் பந்தயம் பார்த்து ஏங்கியவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் நிஜமாகவே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது, 1990-லிருந்து. ஒரகடத்தில் வண்டிகளைச் சோதித்துப் பார்க்கவும் மத்திய அரசின் தனி ஓடுதளம் உண்டு. இத்தனை தடம் இருந்தும் 2024 ஆகஸ்ட் கடைசியில் நம் அரசு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள பொதுச்சாலையை அடைத்து, ராத்திரி விளக்குப் போட்டு பார்முலா 4 பந்தயம் நடத்தியது. அசல் பந்தயம் பார்க்க டிக்கெட் வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் நில்லுங்கள். கம்பெனி பஸ், ட்ரெய்லர், ஷேர் ஆட்டோ, டிவிஎஸ் எக்ஸெல்லில் மூன்று பேர், நடுவில் ஒரு மாடு.

நடப்பதில் பிரியமுள்ளவர்களுக்கு: நீஸ் நகரத்துக் கடலோர நடைசாலை 1820-களில், குளிர்காலம் கழிக்க வந்த ஆங்கிலேயர் கொடுத்த பணத்தில், பிழைப்பில்லாமல் நின்ற உள்ளூர் ஏழைகளின் கையால் போடப்பட்டது. இன்றும் அதன் பெயர் ஆங்கிலேயர் நடைசாலை. மண் சுமந்தவன் பெயரில் அங்கேயும் சாலை கிடையாது என்பதைப் பார்க்கும்போது நமக்கும் ஐரோப்பாவுக்கும் பெரிய தூரமில்லை என்று தோன்றுகிறது. நம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை பல வழிச் சாலை; வழவழவென்று இருக்கிறது. அதில் கார் ஓட்டலாம், கன்டெய்னர் ஓட்டலாம். நடந்து குறுக்கே போக வேண்டியவர்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ள வேண்டும்.

தங்குமிடம்

உங்களுக்குக் குறையே இருக்காது. கொரியச் சாப்பாடு போடுகிற விடுதி ஸ்ரீபெரும்புதூரிலேயே உண்டு, ஜப்பானியருக்கு வேண்டியதும் உண்டு. கிம்ச்சி கிடைக்கும் ஊரில் நல்ல பொதுக் கழிப்பறை எங்கே என்று கேட்டு விருந்தோம்பலுக்கு இழுக்கு தேடாதீர்கள்.

உங்கள் பொருளைச் செய்கிற பெண்கள் எங்கே தங்குகிறார்கள் என்று ஆர்வமாக இருந்தால், அதுவும் எழுதப்பட்ட சரித்திரம்தான். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் சாப்பிட்ட சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசியது. அறைக்கு ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை, தரையில் படுக்கை, சில இடங்களில் கழிப்பறையில் தண்ணீர் வராது, சாப்பாட்டில் புழு. சமையலறையைப் பார்க்கப் போன உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எலிகளைப் பார்த்தார்கள், பூட்டிவிட்டு வந்தார்கள்.

கோயம்பேட்டுக் குழாய் ஞாபகம் இருக்கிறதா? அது வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மாதம் சுமார் 10,500 ரூபாய் அவர்கள் வருமானம். அதிலிருந்தே தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் காசு கொடுக்க வேண்டும், அந்தத் தரைக்கும் அந்தப் புழுவுக்கும். அந்த வருஷம் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 13-ன் ஆரம்ப விலை 79,900 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஏழரை மாதச் சம்பளம். ஏழரை என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பதினெட்டு, இருபது வயசுப் பெண்கள் நூற்றுக்கணக்கில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தோழிகள் செத்துவிட்டார்கள் என்று செய்தி பரவியிருந்தது. இல்லை என்று யாரும் அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் கலெக்டர் ஆஸ்பத்திரியில் இருந்த பெண்ணை வீடியோவில் காட்ட வேண்டி வந்தது. விடிய விடிய சாலை அடைபட்டது. போலீஸ் 67 பெண்களைப் பிடித்துப்போனது. எலிகளைப் பிடித்த தகவல் இல்லை.

ஆப்பிள் நிறுவனம் விடுதியும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரியில் ஆலை திறந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2024 குடியரசு தினத்தில், பாக்ஸ்கான் தலைவருக்கு இந்திய அரசு பத்ம பூஷண் கொடுத்தது. தொழில் துறையில் ஆற்றிய சேவைக்காக. கொடுக்கட்டும். விருந்தாளிக்குச் சந்தன மாலை போடுவது நம் வழக்கம். அன்று ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் ஒருத்திக்காவது, எங்கள் விடுதிகளை நாங்கள் எட்டிப் பார்க்கும்படி செய்ததற்கு நன்றி அம்மா என்று ஒரு தபால் கார்டு போட்டிருக்கலாம்.

அவர்கள் உட்கார்ந்த பிறகு வந்ததுதான் அடுத்த பக்கம். 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி வல்லம் வடகாலில் முதலமைச்சர் ஸ்டாலின் பெண் தொழிலாளருக்கான குடியிருப்பைத் திறந்து வைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். மொத்தம் 18,720 படுக்கைகள். மத்தியதரைக் கடலோரத்தில் இவ்வளவு பெரிய விடுதியைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முப்பது பேர் படுத்த தரைக்கு ஆறு பேர் அறை எவ்வளவோ மேல், அதில் சந்தேகமே இல்லை. பாராட்டுகிற கையோடு ஒரு கேள்வியையும் நீட்டுகிறேன். வேலையும் கூரையும் ஒரே சாவிக்கொத்தில் தொங்குகிற இடத்தில், மேஸ்திரியிடம் 'ஏன்' என்று கேட்கிற பெண் எதை எதை இழக்கத் தயாராக இருக்க வேண்டும்?

உடை ஒழுங்கு

கான் திரைவிழாவின் சிவப்புக் கம்பளத்தில் பெண்கள் ஹை ஹீல்ஸ் போடாமல் வந்தால் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு வருஷம் உலகமே கொதித்தது. இங்கே விதி எளிமையானது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வின்படி, ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலை வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. தாலியும் மெட்டியும் உலோகம் என்பதும் ஒரு காரணம். உற்பத்தி மும்முரமாகிற மாதங்களில் மட்டும் விதி இளகுமாம். நிறுவனம் மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் நாலில் ஒரு பங்கு கல்யாணமானவர்கள்தான் என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த வருஷ நவம்பரில், ஆள் பிடிக்கும் ஏஜென்சிகள் விளம்பரத்தில் வயசு, பால், கல்யாண நிலை எதையும் போடக் கூடாது என்று பாக்ஸ்கான் சொன்னதாக அதே ராய்ட்டர்ஸ் எழுதியது. இல்லாத ஒன்றை விளம்பரத்திலிருந்து எப்படி எடுக்கச் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. விருந்தாளியைக் குறுக்கு விசாரணை செய்வது பண்பல்ல.

இது மஞ்சள் கயிற்றை வைத்துப் பாதி சினிமாவும் முக்கால் சீரியலும் எடுக்கிற தேசம். தாலி சென்டிமென்டில் தியேட்டர் அழுத மண்ணில், கழுத்தில் அது ஏறினால் லைனிலிருந்து இறங்க வேண்டும் என்று யாரோ எங்கோ முடிவு செய்கிறார்கள். கலாசாரக் காவலர்கள் காதலர் தினத்தன்று கடற்கரையில் தாலியோடு நிற்பார்கள். சிப்காட் வாசலில் ஒருவரையும் காணோம். 18,720 படுக்கைகளைப் பற்றி மேலே வியந்தேன். அறைக்கு ஆறு பெண்கள் என்ற கணக்கில் புருஷனுக்கும் குழந்தைக்கும் பாய் போட இடமில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. இருபத்து மூன்றில் கல்யாணம் ஆனால் அவள் போகிற இடம் செய்யாறோ ஆரணியோ, அம்மா வீடோ மாமியார் வீடோ, கையேட்டில் வராத ஊர்.

ஆன்மிகச் சுற்றுலா

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலைத் தவறவிடாதீர்கள். குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் கூவினார் என்பது அவரைப் பற்றிய வரலாறு. இன்று இந்த ஊரில் எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குள் வேலைக்குப் போகிறவள் தன் போனை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே அவள் நாளெல்லாம் செய்வது போன். கோபுரத்தில் ஏறிக் கூவினால் இப்போது கான்ட்ராக்டை ரத்து செய்துவிடுவார்கள்.

வைணவத் திருப்பதிகள் 108. ராமானுஜரே பிறந்தும் இந்த ஊர் அந்தக் கணக்கில் சேரவில்லை. அந்தக் குறையும் 2024 அக்டோபரில் தீர்ந்தது. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இரவு வாழ்க்கை

2024 செப்டம்பர் முதல் தேதி தீவுத்திடலில் கார்கள் ஓடி முடித்தன. எட்டு நாள் கழித்து சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2007-லிருந்து ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் செய்கிற ஆலை. சுமார் 1,800 பேரில் ஏறக்குறைய 1,500 பேர் வெளியே வந்து பந்தல் போட்டார்கள். சம்பளம், வேலை நேரம் எல்லாம் இருந்தது. முதல் கோரிக்கை அதுவல்ல. நாங்கள் சங்கம் வைத்திருக்கிறோம், அதை இருப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள். 1918-ல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். 1926-லேயே தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டது. 2024-ல் சங்கப் பெயரில் சாம்சங் என்ற சொல் வரக் கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்று நிறுவனம் மறுப்புச் சொன்னது. பெயர் அவர்களுடையது, நாளெல்லாம் நின்று அந்தப் பெயரை ஃப்ரிட்ஜில் ஒட்டிய கை மட்டும் யாருடையதோ.

இங்கேதான் நம் ரிவியேராவின் இரவுகள் களைகட்டின. அக்டோபர் 8 இரவு போலீஸ் சங்கத்தினர் சிலரை வீட்டிலிருந்தே அழைத்துப்போனது. மறுநாள் பந்தலைப் பிரித்தார்கள். அதற்கு முன்பே ஊர்வலம் போனதற்கும் சாலையில் கூடியதற்கும் நூற்றுக்கணக்கில் கைது. மேடைக்கு மேடை உழைப்பாளர் சிலையைக் காட்டிய ஆட்சி, மே தினத்துக்குச் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்ட ஆட்சி, கூட்டணியில் இரண்டு கம்யூனிஸ்டு கட்சிகளையும் வைத்திருந்த ஆட்சி. வெயிலுக்கு ஒரு ஓலைப்பந்தல் போட்டது அதற்குப் பொறுக்கவில்லை.

மூன்று அமைச்சர்கள் அதற்கு முன்பே பேச்சுவார்த்தைக்கு இறங்கியிருந்தார்கள். அக்டோபர் 7-ஆம் தேதி ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். யாரோடு ஆயிற்று என்று பார்த்தால், வேலைநிறுத்தம் செய்த சங்கத்தோடு அல்ல. வேறு ஒரு தொழிலாளர் குழுவோடு. கல்யாணப் பெண் மண்டபத்தில் காத்திருக்க, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டு வந்து மொய் கேட்ட மாதிரி. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: ஐந்து தடங்களில் ஓடும் ஏ.சி. பஸ் இனி 108 தடங்களிலும் ஓடும். சங்கம் கேட்டவனுக்கு ஏ.சி. பஸ் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூருக்கும் 108 கிடைத்தது.

37 நாள் கழித்து வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கத்தைப் பதிவு செய்ய டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2025 ஜனவரி கடைசியில் பதிவுச் சான்று வந்தது. பக்கத்து மாநிலத்தார் உங்களுக்கு நிலம் காட்டினால் ஒற்றைச் சாளரத்தில் எல்லா அனுமதியும் வாங்கித் தருகிற அரசுக்கு, உள்ளூர்க்காரனின் ஒரு காகிதத்தில் முத்திரை குத்த ஒரு நீதிமன்றமும் பல மாதமும் தேவைப்பட்டன. அவனுக்கு எந்தச் சாளரம் என்று யாராவது சொன்னால் புண்ணியம்.

நேர வசதி

மத்தியதரைக் கடற்கரையில் மத்தியானம் கடையடைத்துவிட்டுத் தூங்குவார்கள். அந்தக் கெட்ட பழக்கம் இங்கே இல்லை. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, சட்டமன்றத் தொடரின் கடைசி நாளில், தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட இடம் கொடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். முதலீடு செய்ய வருகிற நிறுவனங்கள் நெகிழ்வான வேலை நேரத்தை எதிர்பார்க்கின்றன என்று சொன்னார்கள். நெகிழ்வு உங்களுக்கு, முதுகு அவர்களுடையது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்து, அதற்கும் கைதட்டல் வாங்கிக்கொண்டார்கள். திருடியதைத் திருப்பிக் கொடுத்தவருக்குப் பாராட்டு விழா எடுக்கிற பெருந்தன்மை எந்தக் கடற்கரையிலும் கிடையாது.

ஷாப்பிங்

விருந்தாளி வரத் தாமதமானால் நாமே போய் அழைத்து வருவோம். 2024 ஜனவரி கடைசியில் முதலமைச்சர் ஸ்டாலின் ஸ்பெயினுக்கே போனார். நிஜ மத்தியதரைக் கடல். சென்னை மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் போட்ட கையோடு கிளம்பி, அங்கிருந்து 3,440 கோடி ரூபாய்க்கு உறுதிமொழி வாங்கி வந்தார். அதில் 400 கோடி பார்சிலோனாவின் ரோக்கா நிறுவனத்துடையது. அவர்கள் என்ன செய்கிறார்கள்? கழிப்பறைப் பீங்கான், குழாய் வகையறா. பார்சிலோனாவின் பீங்கான் வந்தாயிற்று. தண்ணீர் விடுவது யார் என்பதைத்தான் இன்னும் எந்த ஒப்பந்தத்திலும் பார்க்கவில்லை.

சூதாட விரும்புகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. மோன்டி கார்லோவின் சூதாட்ட மாளிகையில் மொனாக்கோக் குடிமக்கள் ஆடக் கூடாது என்பது அந்நாட்டு விதி. வெளியூரான் தோற்க வேண்டும், உள்ளூரான் பிழைக்க வேண்டும் என்று அந்த ராஜாங்கம் நினைத்தது. நம் சிப்காட்களில் இது தலைகீழ். நிலம் கொடுத்த ஊர்க்காரர்தான் தினமும் ஆட வேண்டும். மகனை ட்ரெய்னியாக எடுப்பார்களா, கான்ட்ராக்டில் எடுப்பார்களா, பெர்மனன்ட் என்ற சீட்டு இந்த ஜென்மத்தில் விழுமா? அதே சீட்டுக்காக பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வந்தவன் மாத்தூரில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு முறைவைத்துத் தூங்குகிறான். இருவரையும் மோதவிட்டு, வடக்கன் வந்து கெடுத்தான் என்று டீக்கடையில் பேச வைத்திருப்பது மேசை போட்டவனின் சாமர்த்தியம்.

விடைபெறுதல்

போவதும் எளிது. நோக்கியாவைக் கேளுங்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்யத் தொடங்கினார்கள். தனிப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை, இடைவிடாத மின்சாரம், எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தோம். நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 2010-ல் இயந்திரத்தில் சிக்கி ஓர் இளம்பெண் அங்கே இறந்தாள். 2013-ல் வருமான வரித் துறை 2,080 கோடி கேட்டது, பிறகு மாநிலமும் தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. கம்பெனியை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. 2014-ல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கு முடித்துக்கொண்டு போனார்கள். நவம்பர் முதல் தேதி ஆலை நின்றது. அந்த வளாகத்திலிருந்த பாக்ஸ்கானும் சில வாரங்களில் நின்றது.

அரசுக்கும் கம்பெனிக்கும் வரித் தகராறு. இரண்டுக்கும் வக்கீல்கள் இருந்தார்கள். நடுவில் நின்றவள் இருபத்தைந்து வயசில் எட்டு வருஷ அனுபவத்தோடு ஊர் திரும்பினாள். அடுத்த ஆலை பதினெட்டு வயசுக்காரியைத் தேடிக்கொண்டிருந்தது.

அதே வளாகத்தைப் பின்னால் சால்காம்ப் வாங்கி, சார்ஜர் செய்கிறது. பின்லாந்தில் பிறந்த கம்பெனிதான் அதுவும். அறை காலியாக இருக்காது. விருந்தாளி மாறுவார், அவ்வளவுதான். ஆகவே தயங்காமல் வாருங்கள், சலிக்காமல் போங்கள். போகும்போது பில் கேட்டு யாரும் ஓடி வர மாட்டார்கள்.

அடுத்த முறை மீனம்பாக்கத்து நெரிசலும் இருக்காது. பரந்தூரில் உங்களுக்கென்று புது விமான நிலையம் வருகிறது, 13 கிராமங்களில் 5,700 ஏக்கருக்கு மேல். 2022-லிருந்து அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் தினமும் கூடி வேண்டாம் என்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஆயிரம் நாள் தாண்டியது. கிராமசபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள், நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப்போட மறுத்தார்கள். தொழிலுக்கு நிலம் எடுக்கவென்றே 1997-ல் செய்த சட்டம் கைவசம் இருப்பதால் உங்கள் பயணத்துக்கு இடையூறு வராது. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பியபடி ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுவரும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் வழியாகத்தான் போகிறது. தரையிறங்கும்போது ஜன்னலில் தண்ணீர் பளபளத்தால் கடல் வந்துவிட்டது என்று பதறாதீர்கள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், ஓடுபாதை அங்கேதான்.